வட்டத்துக்கு வெளியே போகாதவள்

நிலாவில் அங்கங்கே கறை இருப்பதற்குக் காரணம், அதற்கு நிறம் தீட்டிய நாளில் என் அக்கா வேலைக்குப் போகவில்லை என்பதுதான். போயிருந்தால் விளிம்பில் ஒரு சுற்று, உள்ளே ஒரு சுற்று, தூளை ஊதிவிட்டு இன்னொரு சுற்று என்று பளிச்சென்று முடித்துக் கொடுத்திருப்பாள். என்ன, இன்னும் முடிந்திருக்காது. நாம் எல்லோரும் இருட்டில் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்போம்.

எங்கள் அப்பா போர்டு எழுதுகிறவர். வீட்டின் முன்னறைதான் கடை. ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்’, ‘நாய் ஜாக்கிரதை’, ‘சத்தம் போடாதீர்கள்’ என்று யார் யாரை அதட்ட வேண்டுமானாலும் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும். அவரிடம் பிரஷ் பிடிக்க வருகிறவர்களுக்கு ஒரே சட்டம். முதல் ஆறு மாதம் எழுத்தே கிடையாது, வட்டம்தான். காம்பஸால் பலகையில் வட்டம் போட்டுக் கொடுப்பார். முதலில் விளிம்பு, அப்புறம் வயிறு. கோட்டைத் தாண்டினால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

அக்கா ஏழு வயதில் நூறு வட்டம் போட்டாள். நூறும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. அப்பா அந்தப் பலகையைக் கடைச் சுவரில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். நானும் என் ஏழு வயதில் போட்டேன். பத்து வட்டத்தில் அலுத்துப்போய் எல்லாவற்றுக்கும் மீசை வைத்தேன். அதில் ஒன்று அச்சு அசல் அப்பா. அந்தப் பலகையை யாரும் மாட்டவில்லை. கலைக்கு மதிப்பில்லாத வீடு.

அக்காவுக்கு நான் வைத்த பெயர் அளவுகோல். செருப்பை விட்டால் இரண்டும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். தலை வகிடு நூல் பிடித்த மாதிரி இருக்க வேண்டும். சுவரில் காலண்டரை அரை விரல் சாய்த்துவிட்டுப் போனால் போதும், அறைக்குள் வந்ததும் எதையோ தொலைத்தவள் மாதிரி உழல்வாள். எதனால் என்று அவளுக்கே தெரியாது. நான் படுத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பேன். பத்தாவதோடு நானும் பள்ளிக்கூடமும் பேசி வைத்துப் பிரிந்துவிட்டதால் எனக்கு வேடிக்கை பார்க்க நேரம் நிறைய. கணக்கோடு எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும்தான் பேச்சுவார்த்தை. அதற்கு மேல் முகம் கொடுப்பதில்லை.

அக்கா அப்படியில்லை. அவளுக்கு இஞ்சினியர் ஆக வேண்டும். பாலம் கட்ட வேண்டுமாம். அவள் கட்டுகிற பாலத்தில் ஏறினால் விழமாட்டோம், அதில் சந்தேகம் இல்லை. ஏறுகிறவர் பேரப் பிள்ளைகளோடுதான் ஏற வேண்டியிருக்கும்.

பொறியியல் நுழைவுத் தேர்வு என்பது மூன்று மணி நேரத்தில் நூற்று எண்பது கேள்வி. ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை, விடைத்தாளில் நாலு குட்டி வட்டம். எது சரியோ அந்த வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும். மிஷின் திருத்தும். ஒருவர் மூன்று தடவைதான் எழுதலாம். நூற்று நாற்பது சரியாக இருந்தால் நல்ல கல்லூரிகள் கதவைத் திறக்கும். குறைந்தால் மற்ற கல்லூரிகள் உங்களைத் தேடி வீட்டுக்கே வரும்.

பயிற்சி மையத்தில் மாதாமாதம் மாதிரித் தேர்வு வைப்பார்கள். அக்கா நூற்று அறுபதுக்குக் கீழே இறங்கியதே இல்லை. மையத்துக்காரர்கள் விடைத்தாள் அச்சடிக்கிற அளவுக்கு ஊதாரிகள் கிடையாது. நோட்டில் வரிசையாக அ, ஆ, இ, ஈ என்று எழுதிக் கொடுத்தால் போதும். அக்காவின் படத்தைப் பெரிதாக்கி வாசலில் ஒட்டினார்கள். நிஜத் தேர்வில் நூற்றுப் பன்னிரண்டு வந்தது. படத்தைக் கிழித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி நூற்று அறுபது, மறுபடி படம். நிஜத் தேர்வில் நூற்றுப் பதினைந்து. இந்தத் தடவை கிழிக்கவில்லை, அதன் மேலேயே வேறு ஒருவன் படத்தை ஒட்டிவிட்டார்கள்.

மையத்து சார் தாடியைத் தடவி யோசித்து, இது பரீட்சை பயம் என்று கண்டுபிடித்தார். மூக்கின் ஒரு துளையில் இழுத்து மறு துளையில் விடச் சொன்னார். அக்கா மூன்று மாதம் விட்டாள். இடது பக்கம் எத்தனை தடவையோ வலது பக்கமும் அத்தனை.

“பயமெல்லாம் இல்லப்பா. எல்லாம் தெரிஞ்ச கேள்விதான். நேரம் பத்தலை” என்றாள் அப்பாவிடம்.

“தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பாளே” என்றாள் அத்தை. அத்தையின் மகன் நாலு வருஷம் பொறியியல் படித்துவிட்டு இப்போது அத்தையின் ஃபோனில் அலாரம் வைத்துக் கொடுக்கிறான். அதனால் அத்தை படிப்பைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது முடிவு வந்த வாரமே அட்டைக்காரர் வந்துவிட்டார். ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவு ஆள். கழுத்தில் நாடா, நாடாவில் அட்டை, அட்டையில் பத்து வருஷத்துக்கு முந்தைய அவர் முடி. அட்டையைக் குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பது சந்தேகம். எங்களுக்கு அவர் பழைய வாடிக்கை. அவர்கள் கல்லூரி போர்டை அப்பா மூன்று தடவை எழுதியிருக்கிறார், ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில். முதல் பெயரில் வைரம் இருந்தது. இரண்டாவதில் விடியல் இருந்தது. மூன்றாவதில் உலகமே இருந்தது. இப்படியே பெயர் மாற்றிக்கொண்டிருந்தால் எங்கள் வீட்டில் அடுப்பு அணையவே அணையாது.

“பெயிண்டரே, நம்ம பாப்பாவுக்கு சிவில்ல ஒரு சீட்டு எடுத்து வெச்சிருக்கேன்” என்றார். “சனிக்கிழமை மதியத்துக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க. அதுக்கப்புறம் என் கையில இல்ல.”

அக்கா பெயிண்ட் டப்பாக்களை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, “அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போடவும் அதே சனிக்கிழமைதான் கடைசி” என்றாள்.

“ரெண்டு தடவை எழுதிப் பார்த்தாச்சேம்மா. மூணாவதும் இதே மார்க் வந்தா எங்க சீட்டும் இருக்காது, வேற சீட்டும் இருக்காது. கல்லூரியில சேர்ந்தவங்க அந்தத் தேர்வு எழுத முடியாது. ரெண்டுல ஒண்ணுதான்.”

அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்து நின்றாள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. எந்தக் கறை எதனால் வந்தது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

“ஒரு சந்தேகம் சார்” என்றாள். “நாலு வருஷம் படிச்சு முடிக்கிறப்ப சர்ட்டிஃபிகேட்ல எந்தப் பேரு இருக்கும்?”

அட்டைக்காரர் சிரித்தார். “நல்ல ஜோக் அடிக்கிறீங்கம்மா.”

“ஜோக் இல்ல சார். கேள்வி.”

“புதன்கிழமை வந்து நேர்ல பாருங்க, எல்லாம் பிடிச்சுப்போயிடும்” என்று சொல்லிவிட்டு அவர் அட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு போனார்.

புதன்கிழமை போனோம். ஒரு பஸ், இன்னொரு பஸ், அப்புறம் அரை மணி நேர நடை. கல்லூரி நோட்டீஸில் ‘ஊருக்குள்ளேயே’ என்று அச்சடித்திருந்தார்கள். எந்த ஊர் என்று அச்சடிக்கவில்லை.

அட்டைக்காரர் ஒவ்வொரு கதவாகத் திறந்து காட்டினார். நூலகத்தில் கண்ணாடி அலமாரிகள். உள்ளே புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. எல்லா அலமாரிக்கும் பூட்டு. சாவி வைத்திருப்பவர் விடுப்பில் இருந்தார். எப்போதிலிருந்து என்று நான் கேட்டேன். அட்டைக்காரர் என்னைக் கல்லூரிக்குள் வந்துவிட்ட பூனையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

ஆய்வகத்தில் ஒரு பெரிய மிஷின். கான்கிரீட் கட்டியை வைத்து அழுத்தி, எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்க்கிறது. வாங்கியபோது சுற்றி வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமல் இருந்தது. உறைக்குள் ஒரு பல்லி இறந்து காய்ந்து போயிருந்தது. அந்த ஆய்வகத்தில் செய்யப்பட்ட ஒரே சோதனை அதுதான் என்று நினைக்கிறேன்.

“இது எப்ப சார் ஓடும்?” என்றாள் அக்கா.

“நீங்க சேர்ந்ததும் ஓடும்மா. உங்களுக்காகத்தானே வெச்சிருக்கோம்.”

அக்கா உறையின் ஓரத்தில் மடிந்திருந்த ஒரு மூலையை நிமிர்த்திவிட்டு வெளியே வந்தாள்.

அப்பாதான் கெட்டுப்போனார். வாசலில் தன் போர்டைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். ஆள் உயரத்துக்கு எழுத்து, நிழல் விழுகிற மாதிரி தீட்டியிருந்தார். நல்ல எழுத்துதான், இல்லை என்று சொல்ல முடியாது. உள்ளே இருப்பதிலேயே உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

“தினமும் நம்ம எழுத்துக்குக் கீழ நுழைஞ்சு போய்ப் படிப்பே” என்றார் அக்காவிடம்.

நான் மதில் மேல் ஏறி, போர்டின் அடி ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். உலகத்துக்குக் கீழே விடியலின் மஞ்சள் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் சுரண்டினால் வைரமே கிடைத்திருக்கும். அதற்குள் அம்மா காலில் ஒன்று போட்டாள்.

வீட்டுக்கு வந்து யாரும் உட்காரக்கூட இல்லை. அக்கா சொன்னாள், “நான் மறுபடி எழுதறேன்பா.”

“மறுபடி அதே நேரம் பத்தலைன்னு வந்து நிப்பே.”

“மாட்டேன்.”

“எப்படி மாட்டே? போன தடவையும் மாட்டேன்னுதான் சொன்னே. என்ன மாத்திக்கப் போறே, அதைச் சொல்லு.”

 அது அக்காவுக்கே தெரியாதே. அவளுக்கு விடைகள் தெரியும், வேகமும் இருந்தது, பயமும் கிடையாது. நிஜத் தேர்வில் மட்டும் மூன்று மணி நேரம் ஓட்டை வாளித் தண்ணீர் மாதிரி எங்கேயோ ஒழுகிப் போனது. ஓட்டை எங்கே என்று தெரியாமல் அவள் இரண்டு வருஷம் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அம்மாதான் ஒரு வழி சொன்னாள். “நாளைக்கு வீட்ல வெச்சு ஒரு தேர்வு எழுதட்டும். நிஜத்துல எப்படியோ அப்படியே. நூத்தி நாப்பது வந்தா விண்ணப்பம். வரலைன்னா கையெழுத்து. அதோட பேச்சு முடிஞ்சுது.”

அப்பா எழுதுபொருள் கடைக்குப் போய் மாதிரிக் கேள்வித்தாள்களையும் அவற்றின் விடைகளையும் வாங்கினார்; நிஜ விடைத்தாள் மாதிரியே அச்சடித்தவற்றைக் கட்டாக வாங்கி வந்தார். தாளின் தலையில் ‘வட்டத்தை முழுமையாக நிரப்பவும், கோட்டைத் தாண்ட வேண்டாம்’ என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு அப்பா, நியாயமான ஆட்கள் என்கிற மாதிரி தலையாட்டினார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடை மேசையில் அக்கா உட்கார்ந்தாள். பன்னிரண்டு பென்சில், ஊசி மாதிரி சீவி, உயர வரிசையில். நேரம் பார்க்கிற வேலை எனக்கு. நான் அதற்கு முன்பே எழுந்து கடைச் சுவர்க் காலண்டரைச் சாய்த்து வைத்திருந்தேன். அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கத்தான் அவள் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். வேறு எந்த நல்ல எண்ணமும் எனக்குக் கிடையாது.

அக்கா காலண்டரைப் பார்க்கவே இல்லை. கேள்வியைப் படித்தாள். ஓரத்தில் இரண்டு வரி கிறுக்கினாள். விடை வந்துவிட்டது. அப்புறம்தான் வேலையே ஆரம்பித்தது. பென்சில் முனையை வட்டத்தின் விளிம்பில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுற்றி ஒரு கோடு. தாளைக் கொஞ்சம் திருப்பினாள். உள்ளே சின்னச் சின்னதாக நிரப்பினாள். ஊதினாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு இடத்தில் வெள்ளை தெரிந்தது போல, அதற்கு ஒரு புள்ளி வைத்தாள். மறுபடி ஊதினாள். முனை மழுங்கியதா என்று பார்த்து, ஷார்ப்பனரை எடுத்தாள்.

என் கையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வட்டத்துக்கு அரை நிமிஷம். அடுத்ததற்கும் அரை நிமிஷம். இடுப்பில் கை வைத்து நிற்கிற அப்பா கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. முதலில் விளிம்பு, அப்புறம் வயிறு. மொத்தம் எவ்வளவு நேரம் வீணானது என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல் வராது.

மூன்று மணி நேரம் முடிந்தபோது நூற்று இருபத்தொரு வட்டம் நிரம்பியிருந்தது. ஒவ்வொன்றையும் சட்டம் போட்டு மாட்டலாம். அதில் நூற்றுப் பதினாறு சரி. மீதி ஐம்பத்தொன்பது கேள்வியை அவள் தொடவே இல்லை.

அப்பா விடைத்தாளை மேசையில் வைத்தார். “சனிக்கிழமை கையெழுத்துப் போட்டுடலாம்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“இன்னொரு தாள் எழுதறேன்பா. நாளைக்கு. கடைசி.”

“எழுது. யாரு வேண்டாம்னது.”

அக்கா பின்கட்டுக்குப் போய் முகம் கழுவினாள். நான் பின்னாலேயே போனேன்.

“அக்கா, நீ வட்டம் போடறதுலதான் நேரம் போகுது. நான் பார்த்தேன்.”

“போடி.”

“நிஜமா. ஒரு வட்டத்துக்கு அரை நிமிஷம். கிறுக்கிட்டுப் போனா என்ன?”

“கோட்டைத் தாண்டினா மிஷின் ஏத்துக்காது. தலைப்புலயே போட்டிருக்கு. ஓ, நீதான் படிக்கிறதில்லையே.” துண்டை மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துக் கொடியில் போட்டாள். “போன தடவை தேர்வுக்கு முந்தின நாள் ஹால் டிக்கெட்ல என் போட்டோவுக்கு மீசை வெச்சவ நீ. உன் பேச்சைக் கேட்டு நான் எழுதணுமா?”

அது நியாயம்தான். அப்பாவிடம் சொல்லலாம். அவர் கடையில் உட்கார்ந்திருந்தார், தலைக்கு மேலே அந்த நூறு வட்டப் பலகை. அதற்குக் கீழே நின்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரி, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று மதியம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாதவள் என்ன செய்வாள்? உப்புத்தாளை எடுத்து, அக்காவின் பென்சில் பன்னிரண்டையும் தேய்த்து மொட்டையாக்கினேன். ஷார்ப்பனரை டர்பன்டைன் டப்பாவுக்குப் பின்னால் போட்டேன். வீட்டிலிருந்த பிளேடையெல்லாம் பொறுக்கி ஒளித்தேன். சும்மா, விளையாட்டுக்கு.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதுக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது அக்கா பெட்டியைத் திறந்தாள்.

“பென்சிலையெல்லாம் என்னடி பண்ணினே?”

“வயசாச்சு, பல்லு விழுந்துடுச்சு.”

“அம்மா, இவளைப் பாரும்மா.” குரல் உடைந்தே விட்டது. “இன்னிக்கு எதுன்னு தெரியும் இவளுக்கு. தெரிஞ்சே பண்றா. ஷார்ப்பனர் எங்கடி?”

“எனக்கென்ன தெரியும்? நீயே வரிசைப்படுத்தி எங்கேயாவது வெச்சிருப்பே.”

அம்மா என் காதைப் பிடித்துத் திருகினாள். நான் சொல்லவில்லை. காது எனக்கு இரண்டு இருக்கிறது.

“மணி ஒன்பது” என்றார் அப்பா. “பென்சில் சரியில்லைன்னு நிஜத் தேர்வுல சொல்ல முடியுமா? இருக்கிறதை வெச்சு எழுது.”

அக்கா எழுதினாள். முதல் கேள்விக்கு விடை கண்டுபிடித்து, அந்த மொட்டைப் பென்சிலை வட்டத்தின் மேல் வைத்து ஒரு திருகு திருகினாள். வட்டம் நிரம்பிவிட்டது. ஓரத்தில் பிசிறு. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, யாரோ வெள்ளைச் சட்டையில் மையைக் கொட்டிய மாதிரி. விளிம்பைச் சரிசெய்யப் பார்த்தாள். முனையே இல்லாத பென்சிலால் எதைச் சரிசெய்வது? இன்னும் அசிங்கமானது. விட்டுவிட்டாள். இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தாள், ஊசி போட்டுக்கொள்கிற மாதிரி. பத்துப் பதினைந்துக்கு மேல் கண்ணை மூடவில்லை. நாற்பதுக்கு மேல் விடைத்தாளைப் பார்க்கக்கூட இல்லை. கை தானாகப் போய்த் திருகிவிட்டு வந்தது. கேள்வித்தாளின் பக்கங்கள் புரளுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. போன தடவை அந்தச் சத்தம் கேட்டதாகவே எனக்கு ஞாபகம் இல்லை.

நேரம் முடிந்தது என்று நான் சொன்னபோது நூற்று எழுபத்து நாலில் இருந்தாள்.

அப்பா தாளைக் கையில் வாங்கியதும் முகம் சுளித்தார். “என்னம்மா இது, கோழி கிளறின மாதிரி.”

அக்கா தலை குனிந்து நின்றாள். அப்பா திருத்த உட்கார்ந்தார். முதல் பக்கத்தில் பெருமூச்சு விட்டார். இரண்டாவது பக்கத்தில் விடவில்லை. கூட்டிப் பார்த்தார், மறுபடி கூட்டினார், அம்மாவைக் கூப்பிட்டுக் கூட்டச் சொன்னார். நூற்று அறுபத்து மூன்று.

 அப்பா வியாழக்கிழமைத் தாளை எடுத்து வெள்ளிக்கிழமைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து சுவரில் இருந்த பலகையைப் பார்த்தார். போர்டு எழுதுகிறவர், கண்ணால் பிழைக்கிறவர், அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்ன.

ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார்.

“ஏம்பா?” என்றாள் அக்கா.

“பூச்சி அரிக்குது” என்றார். பூச்சியெல்லாம் இல்லை. மறுநாள் அதன் மேல் வெள்ளை அடித்து, யாருக்கோ ‘இங்கே வண்டி நிறுத்தாதீர்கள்’ எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதே சனிக்கிழமை, மதியத்துக்கு முன்பே அட்டைக்காரர் பேனாவோடு வந்தார். காகிதத்தை விரித்து, எங்கே கையெழுத்து என்று விரலால் காட்டினார்.

“பாப்பா தேர்வு எழுதுது சார்” என்றார் அப்பா.

“பெயிண்டரே, யோசிச்சுப் பேசுங்க. அடுத்த மாசம் போர்டு வேலை இருக்கு. பேரு மாறுது.”

“கொண்டாங்க. பேரு எத்தனை வேணும்னாலும் எழுதித் தரேன். பொண்ணைத் தர முடியாது.”

அட்டைக்காரர் அட்டையைத் தடவிக்கொண்டே ஸ்டூலிலிருந்து எழுந்தார். அந்த ஸ்டூலில் உட்கார்ந்ததில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது என்று போகும்போது முணுமுணுத்தார். அந்த ஸ்டூலில் பெயிண்ட் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது.

தேர்வுக்கு நாலு மாதம் இருந்தது. இனிமேல் அக்கா பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தால் அவளுக்கு அறிவு வேண்டாமா? நாலு நாளுக்கு ஒரு தடவை புதுப் பென்சில் வாங்கி வருவாள். எனக்கு வேலை வந்துவிடும். மொட்டையாக்கி வைப்பேன். காலையில் பெட்டியைத் திறந்து, “பிசாசே, உனக்கு வேற வேலையே இல்லையா?” என்று கத்துவாள். நான் பல்லைக் காட்டுவேன். அப்புறம் அந்த மொட்டைப் பென்சிலோடேயே உட்கார்ந்து எழுதுவாள். ஒரு தடவையாவது கடையில் போய் ஒரு ஷார்ப்பனர் வாங்க வேண்டும் என்று அந்த மகா மேதைக்குத் தோன்றவில்லை. இவள்தான் பாலம் கட்டப்போகிறவள்.

தேர்வு எழுதினாள். நூற்று ஐம்பத்தொன்பது வந்தது. பயிற்சி மையத்தில் மறுபடி படம் ஒட்டினார்கள், மூச்சுப் பயிற்சியால் வென்ற மாணவி என்று. அத்தை வந்து, “எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். எப்போதே என்று யாரும் கேட்கவில்லை. நாலைந்து கல்லூரியிலிருந்து கடிதம் வந்ததில் அப்பாதான் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அந்தக் கல்லூரிக்கு நூலகம் எப்படி, ஆய்வகம் எப்படி என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. அதன் போர்டை அவரிடம் இதுவரை யாரும் எழுதச் சொல்லிக் கொண்டு வந்ததில்லை. அவருக்கு அது போதும்.

விடுதிக்குக் கிளம்புகிற அன்று காலை அக்கா பெட்டி அடுக்கினாள். உடைகள் எல்லாம் ஒரே அகலத்தில் மடித்திருந்தன. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு, இனி அறை முழுக்க எனக்குத்தான், காலண்டரைத் தலைகீழாகவே மாட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் அசையவில்லை. பென்சில் பெட்டியைத் திறந்து கட்டிலில் கவிழ்த்தாள்.

“இதுல ஒரு பென்சில எடுத்துப் பாரு.”

“எனக்கெதுக்கு?”

“விளையாட்டுக்கு மொட்டையாக்கறவ கண்டபடி தேய்ப்பா. இது எல்லாம் ஒரே சாய்வு, ஒரே அகலம். விடைத்தாள் வட்டம் எவ்வளவோ அவ்வளவு. பட்டை பிரஷ் மாதிரி வெட்டியிருக்கே.”

“உப்புத்தாள் அப்படி.”

அக்கா ஒரு நோட்டுக்குள்ளிருந்து வியாழக்கிழமை விடைத்தாளை எடுத்தாள். இத்தனை மாதமாக அதைப் பத்திரமாக வைத்திருக்கிறாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஒரு வட்டத்தின் இரண்டு ஓரத்திலும் ஊசி முனை அளவுக்கு ஓட்டை, வெளிச்சம் அதன் வழியாக வந்தது.

“காம்பஸ் வெச்சு அளந்திருக்கே.”

“பூச்சி.”

“இந்த வீட்டுல பூச்சி ஜாஸ்திதான்.” தாளைத் திருப்பினாள். பின்பக்கம் மூலையில், சின்னதாக. “நூத்தி இருபத்தொண்ணு இன்ட்டு முப்பது, மூவாயிரத்து அறுநூத்தி முப்பது. அதை அறுபதால வகுத்து, அறுபது நிமிஷம் முப்பது செகண்டு. கணக்கு சரியா இருக்கு. ஏழாம் வாய்ப்பாட்டுக்கு மேல வராதுன்னு சொன்னது யாரு?”

“இதை எப்ப பார்த்தே?”

“அந்த வெள்ளிக்கிழமையே. எழுதி முடிச்ச மதியம்.”

நான் எழுந்து உட்கார்ந்தேன். “அப்புறம் ஏன் நாலு மாசம் கத்தினே?”

“கத்தலைன்னா உனக்கு மானம் வந்து நிறுத்திடுவே. எனக்குப் பென்சில் வேணுமே.”

எனக்குக் காது சுட்டது. “அந்தக் கணக்கை நான் போடலை. கடைக்கு வந்த யாரோ போட்டிருப்பாங்க.”

அக்கா தாளை என் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு வந்து, விரலால் தொட்டுக் காட்டினாள்.

“கடைக்கு வந்த யாரோ பூஜ்யத்துக்கு மீசை வெப்பாங்களா?”